வயிறு திறப்பவன்

விரியன் கறி வேக நெடுநேரமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் அம்மா. அவர்களுக்குச் சமைக்கத் தெரியாது என்று அர்த்தம். தோலை உரித்துத் துண்டு போட்டு, செம்பனை எண்ணெயும் மிளகாயும் உப்பும் பிசறி, வாழை இலையில் பொதிந்து தணலுக்குள் தள்ளிவிட்டால் போதும். பக்கத்து அடுப்பில் மரவள்ளிக் களி கிண்டி முடிப்பதற்குள் கறி எலும்பை விட்டுக் கழன்றுவிடும். நீங்கள் தலைநகரத்தில் படித்தவர், பாம்பெல்லாம் தின்றிருக்க மாட்டீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. போகட்டும், நான் குறை சொல்லவில்லை.

என் பெயர் எஃபொலோகோ. லோமெலா ஆற்றின் மேல்கரையில் எங்கள் ஊர். அங்கே எனக்கு இரண்டு வேலைகள். ஒன்று, காட்டில் விரியன் பிடிப்பது. இன்னொன்று, யாராவது காரணம் தெரியாமல் செத்துப்போனால் அவர்கள் வயிற்றைத் திறந்து பார்ப்பது. வழக்கை விசாரிக்க வந்த நீங்கள் இரண்டாவதைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். ஆனால் எனக்குச் சொல்ல வருகிற வரிசையில் சொல்கிறேன். நடுவில் கோபப்படாமல் கேட்டால், எல்லாம் நியாயமாகத்தான் நடந்திருக்கிறது என்று உங்களுக்கே விளங்கும்.

காட்டு விரியன் ஓடாது. உதிர்ந்த சருகுக்கு நடுவே, ஆள் தொடை பருமனில், சருகோடு சருகாகக் கிடக்கும். மிதித்தால் நாம் செத்தோம். மிதிக்காமல் பார்த்துவிட்டால் அது செத்தது. நுனி இரண்டாகப் பிரிந்த கவைக்கோலால் கழுத்தை மண்ணோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அது முறுக்கி முடிக்கும்வரை பொறுமையாக நிற்க வேண்டும். அவசரப்பட்டுக் கோலை எடுத்தவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். இப்போது இல்லை. கறி ஆண்களுக்கு மட்டும்தான். பெண்கள் தின்றால் வயிற்றுப் பிள்ளை கையும் காலும் இல்லாமல் வழுவழுவென்று பிறக்கும் என்பார்கள். ஆனால் பாம்பைக் கழுவிச் சுத்தம் செய்வது பெண்கள் வேலை. என் வீட்டில் பெண் இல்லை. அதனால் பிடித்ததையெல்லாம் என் தம்பி இயேலி வீட்டில் கொண்டுபோய்ப் போடுவேன். அவன் மனைவி ஆம்பா கழுவிச் சமைப்பாள். நானும் தம்பியும் தின்போம்.

விரியனின் நுரையீரலைக் கிழித்தால் உள்ளே வெள்ளைப் புழுக்கள் இருக்கும். விரல் நீளம். உடம்பெல்லாம் வளையம் வளையமாக, பாசிமணி கோத்தது மாதிரி. ஆம்பா அவற்றை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்து அடுப்பில் வீசுவாள். வீசிவிட்டு அதே கையால் மூக்கைத் துடைத்துக்கொள்வாள், அதே கையால் மரவள்ளியைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்வாள்.

"பாம்பத் தின்னுறது நீங்க, அதுக்குப் பேன் பாக்குறது நானா மூத்தவரே?" என்பாள்.

"அதையும் ஒரு பொதி கட்டி வச்சுக் குடும்மா. பெரியப்பா வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டாரு," என்பாள் அவள் மகள் பொலும்பு.

பொலும்புவின் வாய்க்குப் பூட்டே கிடையாது. இருபது வயதைத் தாண்டியவள். காட்டில் கண்ணி வைத்துக் குரங்கு பிடித்து, வயிற்றைக் கிழித்துச் சுத்தம் செய்து, புகை போட்டு, ஆற்றில் வருகிற படகுக்காரர்களுக்கு விற்பாள். பாம்பைத் தொட மாட்டாள், நாற்றம் பிடிக்காது. நான் ஒரு பெரிய விரியனைத் தோளில் போட்டுக்கொண்டு போனால், "ரெண்டுல எது பெரியப்பான்னு சொல்லுங்க, கும்பிட்டுக்கிறேன்," என்று வாசலில் நின்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன். எனக்கு அவளைப் பிடிக்கும். எனக்குப் பிள்ளை இல்லை, அவள்தான் பிள்ளை. அவள்மேல் எனக்கு முன்பகை எதுவும் இருந்ததில்லை என்பதை நீங்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி அடுத்த வேலைக்கு வருகிறேன். எங்களில் சிலருக்கு வயிற்றுக்குள் ஒன்று குடியிருக்கும். அதை லிகுண்டு என்போம். அது இருப்பவர் தூங்கும்போது வெளியே போய் அடுத்தவர் உயிரைத் தின்றுவிட்டுத் திரும்பும். சில நேரம் வைத்திருப்பவரையே தின்றுவிடும். தாயிடம் இருந்தால் மகளுக்கு வரும், தகப்பனிடம் இருந்தால் மகனுக்கு வரும். வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் செத்தவுடன் வயிற்றைத் திறக்கிறோம். ஊருக்கு வெளியே வாழை இலை பரப்பி, தகப்பன் வழியில் ஒரு சாட்சி, தாய் வழியில் ஒரு சாட்சி, நடுவில் நான். அரசாங்கம் இதைத் தடை செய்திருக்கிறது, தெரியும். தடை செய்தவர்கள் யாரும் எங்கள் ஊரில் வந்து சாவதில்லை.

பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. "சுத்தம்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவுவேன். அதுவரை அழுதுகொண்டிருந்த சொந்தக்காரர்கள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

லிகுண்டு எப்படி இருக்கும் என்பதில் எனக்கு முன்னால் திறந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கட்டி என்றான் ஒருவன். பல்லோடு கூடிய வாய் என்றான் இன்னொருவன். யாரும் தெளிவாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. நான்தான் பார்த்தேன். ஒரு கிழவியின் வயிற்றில், குடலைப் பிடித்திருக்கும் சவ்வுக்கு அடியில், ஈரல்மேல், அங்கங்கே சுருண்டு கிடந்த வெள்ளை உயிர்கள். நகக்கண் அளவு, வளையம் வளையமாக. கத்தி முனையால் தொட்டால் மெதுவாக நெளிந்தன. சாட்சிகள் பின்வாங்கினார்கள். நான் பின்வாங்கவில்லை. "இதுதான்," என்றேன். அன்றிலிருந்து எங்கள் ஊரிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் அதுதான் லிகுண்டு.

அதற்குப் பிறகு ஒரு மீனவன் வயிற்றில் பார்த்தேன். அவன் மகனை ஊர்க்காரர்கள் துடுப்பால் அடித்தார்கள். கரையில் விழுந்தவனை ஆற்றுக்குள் இழுத்துக்கொண்டு போயும் அடித்தார்கள். அவன் என் பெயரைச் சொல்லித்தான் கத்தினான். நான் அடிக்கவில்லை. என் வேலை பார்ப்பது மட்டும்.

போன மழைக்காலத்தில் ஆம்பாவுக்கு வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. குடித்த தண்ணீர்கூட வெளியே வந்தது. படுத்த படுக்கையிலும், "மூத்தவரே, இனிமே உங்க பாம்புக்கு நீங்களே பேன் பாருங்க," என்று சொன்னாள். பிறகு செத்துப்போனாள். நான் அழுதேன். திறக்க வேண்டும் என்று ஊர் சொன்னது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நிதானமாப் பாருண்ணே. சுத்தம்னு சொல்லிருண்ணே," என்றான்.

நிதானமாகத்தான் பார்த்தேன். சவ்வெல்லாம் அவை. ஈரலில் இருந்தன, குடலில் இருந்தன, நான் அதுவரை பார்த்த எல்லாவற்றையும்விட அதிகம். உண்மையைச் சொல்கிறேன் அம்மா, துக்கம் இருந்தது, ஆனால் அதைவிட எனக்கு ஆறுதலாக இருந்தது. மறுபடியும் அதே அடையாளம். நான் சொன்னது சரிதான் என்று அந்த வயிறு சொன்னது. ஏன் ஆறுதல் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தம்பி மண்ணில் உட்கார்ந்துவிட்டான். ஊர்த்தலைவர் லொம்போட்டோ, பொலும்பு பட்டைத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். அது ஒரு மரத்தின் பட்டையை இடித்துக் கரைத்த விஷம். குடித்தவர் வாந்தி எடுத்தால் பிழைப்பார், எடுக்காவிட்டால் சாவார். தாயிடம் இருந்தது மகளிடமும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எங்களிடம் உள்ள வழி அதுதான்.

அப்போதுதான் பொலும்பு ஆட்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"கைய எடு பெரியப்பா. நான் பாக்கணும்."

"பொம்பளைங்க பாக்கக் கூடாது."

"கழுவுறதுக்கு மட்டும் நாங்க, பாக்குறதுக்கு மட்டும் நீங்களா?"

தாயின் வயிற்றைப் பார்த்து அவள் வாய் கோணியது. கண்ணீரை முழங்கையால் துடைத்துக்கொண்டு குனிந்து, ஒன்றை நகத்தால் நிமிண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்தாள்.

"இதா லிகுண்டு? இது கொரங்கு வயித்துல கெடக்கிறதுதானே. எல்லாத்துலயும் இருக்காது, ஆனா கெடக்கும். நான் கிழிக்கிற கொரங்குல எத்தனையில பாத்திருக்கேன். முள்ளம்பன்றியில கெடக்கு, பெருச்சாளியில கெடக்கு. அதுங்களும் சூனியம் வைக்குதா? கொரங்கு யாருக்கு வைக்குது, பக்கத்து மரத்துக் கொரங்குக்கா?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சாவு நடந்த இடத்தில் சிரிப்பு. அது இன்னும் என் காதில் இருக்கிறது.

"பெரியப்பாவக் கேளுங்க. நான் இதச் சொரண்டி எடுக்கிறப்ப எதிர உக்காந்து பாத்துக்கிட்டுதான் இருந்திருக்காரு. தெரியும் அவருக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கொரங்குல இருக்கிறது வேற," என்றேன்.

"என்ன வேற? சொல்லு."

நான் கத்தியை இலையில் துடைத்தேன். லொம்போட்டோ தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு, "சரி. நாளைக்கு வெயில் ஏறுறதுக்குள்ள கொரங்கக் கொண்டாந்து இங்க போடு. எல்லார் முன்னாடியும் கிழிப்போம். இதே மாதிரி இருந்துச்சுன்னா உனக்குப் பட்டைத் தண்ணி இல்ல. இல்லன்னா நீ குடிச்சே ஆகணும்," என்றார்.

"கண்ணியில விழுந்தது அத்தனையும் கொண்டாறேன். நீங்க வாழை இலை நெறைய வெட்டி வையுங்க," என்றாள் பொலும்பு.

எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். பார்த்திருக்கிறேன். குரங்கு வயிற்றில் சுருண்டு கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்ப்பது வேறு, யோசிப்பது வேறு. இரண்டையும் சேர்த்து வைக்க எனக்கு எந்தக் கட்டாயமும் இருக்கவில்லை. அந்தப் பெண் கட்டாயப்படுத்தினாள்.

ஏனென்றால், குரங்கில் இருப்பதும் ஆம்பாவிடம் இருந்ததும் ஒன்று என்றால், நான் முதன்முதலில் லிகுண்டைப் பார்த்த கிழவியிடம் இருந்ததும் அதுவே. அந்தக் கிழவி யார் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். அவள் என் மாமியார். அவள் மகள் மொசேக்கா என் மனைவி.

மாமியாரின் வயிற்றில் நான் கண்டதைச் சொன்ன அன்றே மொசேக்காவைப் பட்டைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். அவள் காட்டுக்குள் ஓடிவிட்டாள். ஓடுவது என்ன காட்டுகிறது என்று நீங்களே யோசியுங்கள். எனக்குத் தடம் பார்க்கத் தெரியும். அவள் தாயின் பழைய மரவள்ளித் தோட்டத்தில், சரிந்து கிடந்த குடிசைக்கு முன்னால் உட்கார்ந்து, கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம்.

"வந்துட்டியா. நீ வருவேன்னு எனக்குத் தெரியும். உக்காரு, கெழங்கு இப்ப வெந்துரும்," என்றாள். "கீழ்கரைக்குப் போயிருவமா? அங்க நம்மள யாருக்கும் தெரியாது. நீ அங்கயும் பாம்பு புடிக்கலாம்."

சரி என்றேன். கிழங்கைப் புரட்ட அவள் குனிந்தாள். குடிசைச் சுவரில் உலக்கை சாத்தியிருந்தது. நான் அடிக்கும்போது அவள் ஏதோ சொல்லத் திரும்பியதால் முதல் அடி தோளில் விழுந்தது. அவள் திரும்பாமல் இருந்திருந்தால் ஒரே அடியில் முடிந்திருக்கும். கையை நீட்டி உலக்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு, "நீ அவங்களோட வந்தியா?" என்று கேட்டாள். தனியாகத்தான் வந்தேன் என்று சொன்னேன், அதில் பொய் இல்லை. பிறகு அவள் விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்தபோது கிழங்கு நன்றாக வெந்திருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் அதைத் தின்றேன். பன்றி தோண்டாத ஆழத்தில் அவளைப் புதைத்தேன். அவ்வளவு ஆழமாக யாருக்கும் எங்கள் ஊரில் குழி வெட்டியதில்லை.

ஊருக்குத் திரும்பியபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என் உடுப்பைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். சொந்தப் பெண்டாட்டியைக்கூட விடவில்லை, இவன் கை கோணாது என்றார்கள். அதற்குப் பிறகு நான் திறந்து சொன்னதை யாரும் மறுபேச்சு பேசியதில்லை. நானும் வேறு பெண் கட்டவில்லை. கட்டச் சொல்லிக் கேட்டவர்களிடம், மொசேக்கா மாதிரிச் சமைக்க யாரால் முடியும் என்று சொல்லிவிடுவேன். விரியன் பொதி கட்டும் விதம் அவள் சொல்லிக்கொடுத்ததுதான்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். மறுநாள் ஊர் நடுவில் ஒரு குரங்கைக் கிழிக்கப் போகிறார்கள். அதன் வயிற்றில் அவை இருந்தால், என் மனைவி வெறுமனே கிழங்கு சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் என்று ஆகிவிடும். அப்படி ஆக நான் எப்படி விட முடியும்? அது அவளுக்கும் மரியாதை இல்லை.

விடிந்ததும் ஓடைக்குப் போனேன். கண்ணிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பொலும்பு அந்த வழியாகத்தான் வருவாள், ஓடையில் இறங்கிக் கால் கழுவுவாள். கவைக்கோல் என் கையில் இருந்தது. அது எப்போதும் இருப்பதுதான், அதற்காகவென்று எடுத்துப் போகவில்லை. அவள் முதுகுக் கூடையில் ஒரு குரங்கு மட்டும் இருந்தது.

"என்ன பெரியப்பா, காவல் காக்க வந்தியா? ஒண்ணுதான் விழுந்திருக்கு. இதுல இல்லன்னா நான் செத்தேன்," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு கூடையைக் கரையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "மொசேக்கா பெரியம்மாவுக்காக வருத்தப்படாதே. உனக்கு அப்பத் தெரியாதுல்ல. நான் யார்கிட்டயும் அதப் பத்திப் பேச மாட்டேன்," என்றாள்.

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதுவரை நான் பேசி ஏதாவது வழி பண்ணலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

அவள் முகம் கழுவக் குனிந்தபோது கவையைப் பின்கழுத்தில் வைத்து அமுக்கினேன். ஓடை முழங்கால் ஆழம்தான், அடியில் மணல். விரியன் முறுக்குவதைப் போலத்தான் முறுக்கினாள். கையால் என் கணுக்காலைப் பிடித்துப் பிறாண்டினாள், பாருங்கள், தழும்பு இன்னும் இருக்கிறது. எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்பது எனக்குப் பழக்கம். மனிதர்களுக்குப் பாம்பைவிடக் குறைந்த நேரமே போதும், ஆனாலும் நான் பாம்புக்கு நிற்கிற நேரம் நின்றேன்.

பிறகு கரையில் போட்டு அவளைத் திறந்தேன். சாட்சி இல்லாமல் திறந்தது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. தாயிடம் அவ்வளவு இருந்தால் மகளிடம் பாதியாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். சவ்வைத் தூக்கிப் பார்த்தேன். ஈரலைப் புரட்டிப் பார்த்தேன். குடலை முழுதாக உருவிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. அவ்வளவு சுத்தமான வயிற்றை நான் பார்த்ததே கிடையாது.

கத்தியை ஓடையில் கழுவினேன். பிறகு குரங்கைத் திறந்தேன். அதில் இருந்தன. சுருண்டு, வெள்ளையாக, நிறைய.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சாகும் நேரத்தில் அவை அவளிடமிருந்து நழுவி, பக்கத்திலிருந்த குரங்குக்குள் ஒளிந்துகொண்டன. வேறு எப்படி இருக்க முடியும்? அதனால் கத்தி முனையால் ஒவ்வொன்றாக எடுத்து, எங்கிருந்து போயினவோ அங்கேயே திருப்பி வைத்தேன். ஈரல்மேல் கொஞ்சம், சவ்வுக்கு அடியில் கொஞ்சம். புதிதாக எதையும் நான் சேர்க்கவில்லை. இருந்ததை இருந்த இடத்தில் வைத்தேன், பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் வேண்டாம் என்று. குரங்கை ஓடையில் தள்ளிவிட்டுப் போய் ஊரைக் கூட்டிவந்தேன். தண்ணீரில் விழுந்து கிடந்தாள், லிகுண்டு அவளையே தின்றுவிட்டது, வந்து பாருங்கள் என்றேன்.

லொம்போட்டோ பார்த்தார். "சாட்சி இல்லாம உன்ன யாரு திறக்கச் சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

தம்பி வயிற்றைப் பார்க்கவே இல்லை. மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பின்கழுத்தில் இருந்த இரண்டு சிவந்த தடங்களைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து கூடையைக் கவிழ்த்துப் பார்த்தான். அதில் குரங்கு மயிர் ஒட்டியிருந்தது. ஓடையோடு இறங்கி நடந்தான். நாணலில் சிக்கியிருந்த குரங்கை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் போட்டான். வயிறு திறந்திருந்தது.

"இதையும் திறந்திருக்கியேண்ணே," என்றான். "இதுல இருந்ததெல்லாம் எங்க போச்சு?"

என் தம்பி அதிகம் பேசாதவன். அப்படி ஒரு கேள்வி அவனிடமிருந்து வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே கவைக்கோலை என் கையிலிருந்து பிடுங்கி விலாவில் அடித்தான். பிறகு மற்றவர்களும் அடித்தார்கள். அந்த மீனவன் மகனுக்குத் தாய் ஒருத்தி இருந்தாள், அவள் கல்லால் என் பல்லை உடைத்தாள். லொம்போட்டோ என்மேல் விழுந்து மறைக்காவிட்டால் நான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். தம்பிமேல் வழக்கு எதுவும் வேண்டாம். மகளைப் பறிகொடுத்தவனுக்குப் புத்தி பேதலிக்கத்தான் செய்யும்.

உடைந்த விலாவுக்காக இங்கே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இளவயது டாக்டர் ஒருவர் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். விலாவுக்குக் கீழே வயிறு முழுக்க, வெட்டிப் போட்ட நகத்துண்டு மாதிரி, வளைந்து வளைந்து வெள்ளையாகக் கிடந்தன.

"இதுக்கு நாக்குப்புழுன்னு பேரு பெரியவரே. பாம்போட நெஞ்சுக்குள்ள வளருது. அதோட சளியில முட்டை இருக்கும். கழுவுற கையில ஒட்டும், தண்ணியில கலக்கும், அப்படியே வாய்க்குள்ள போயிரும். கொரங்குக்கும் எலிக்கும் அப்படித்தான் போகுது. நம்ம வயித்துல வளர முடியாம சுருண்டு கெடந்து, செத்துக் காஞ்சுபோயிரும். உங்க வயித்துல இருக்கிறது பல வருசத்துப் பழசு. சூனியமெல்லாம் ஒண்ணும் இல்ல. யாரு உங்களுக்குப் பாம்பு கழுவுனது?"

படித்த பிள்ளை, நல்ல பிள்ளை. எனக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னார். ஆம்பாவுக்கு அது என் பாம்பிலிருந்து போனது என்கிறார். என் மாமியாருக்கும் அப்படித்தான் என்கிறார். நான் கல்யாணம் செய்த நாளிலிருந்து அந்தக் கிழவிதான் என் பாம்புகளைக் கழுவினாள் என்பது உண்மை. ஆனால் டாக்டருக்கு ஒன்று தெரியவில்லை. லிகுண்டு உள்ள எத்தனை வயிற்றுக்குள் நான் கையை விட்டிருக்கிறேன். அவை என் கை வழியாக ஏறிவிட்டன. ஊருக்காகச் செய்த வேலையில் எனக்குக் கிடைத்த கூலி இது. என்னிடம் இருப்பதால் நான் லிகுண்டுக்காரன் ஆகிவிட மாட்டேன். நான் யாரைத் தின்றிருக்கிறேன்?

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடி வைக்கிறீர்கள். பிறகு இவ்வளவு நேரத்தில் முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தி, "உங்க பொண்டாட்டியத் திறந்து பாத்தீங்களா?" என்று கேட்கிறீர்கள்.

இல்லை. மொசேக்காவை நான் திறக்கவில்லை. கத்தி இடுப்பில்தான் இருந்தது, நேரமும் இருந்தது. ஆனால் சந்தேகம் இருந்தால்தான் எங்கள் ஊரில் வயிற்றைத் திறப்போம் அம்மா. எனக்கு அன்றும் சந்தேகம் இருக்கவில்லை, இன்றும் இல்லை.